மதிப்பெண்களும் சில சிறு விளையாட்டுகளும்

1

'லிம்போ' 2010 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தது. கோபன்ஹேகனில் இருக்கும் ப்ளேடெட் என்ற குழுவின் முதல் விளையாட்டு. அப்போது கடையில் வட்டாகக் கிடைக்கவில்லை. இணையம் வழியே டௌன்லோட் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அன்றைய விலை 15 டாலர். அதைப் பற்றி வந்த மதிப்புரைகளை அப்போது தேடித் தேடிப் படித்தேன். அநேகமாக எல்லோருமே புகழ்ந்திருந்தார்கள். புகழ்ந்துவிட்டு, அவர்களில் பலர் கடைசிப் பாராவில் ஒரு 'ஆனால்' போட்டிருந்தார்கள். ஆட்டம் நாலு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, அதற்கு 15 டாலர் ஜாஸ்தி என்பதுதான் அந்த ஆனால்.

நான் வங்கியில் குமாஸ்தா. பதினைந்தை நாலால் வகுத்தால் மணிக்கு மூன்றே முக்கால் டாலர் ஆகிறது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் பூராவும் நான் செய்வது இந்தக் கணக்குதான். இதைச் செய்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். யாரும் என்னை விமர்சகன் என்று அழைப்பதில்லை. ஒரு சிறுகதையைப் பற்றி, 'நல்ல கதை, ஆனால் ஆறு பக்கம்தான் இருக்கிறது, புத்தகத்தின் விலைக்குக் கட்டுப்படியாகாது' என்று ஒருவர் நம்மிடையே எழுதினால் அவரை நாம் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டோம். வீடியோ விளையாட்டு உலகத்தில் அவரே விமர்சகர்.

'லிம்போ' என்ன செய்கிறது என்று பார்க்கலாம். கறுப்பும் சாம்பலும் தவிர வேறு நிறமில்லாத ஒரு காடு. ஒரு பையன் விழித்துக்கொள்கிறான். அவனும் நிழல்தான், கண்கள் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். பேச்சு இல்லை, எழுத்து இல்லை, 'இந்தப் பொத்தானை அழுத்து' என்கிற உபதேசம்கூட இல்லை. வலப்பக்கமாக நடக்க வேண்டும் என்பது நாமே ஊகித்துக்கொள்வது. புல்லில் மறைத்து வைத்த கரடிப் பொறியில் மிதித்தால் தலை துண்டாகிறது. பிறகு அவன் கொஞ்ச தூரம் பின்னாலிருந்து மறுபடி நடக்கத் தொடங்குகிறான். இந்த உலகத்தில் சாவதைத் தவிர அறிவதற்கு வேறு வழி கிடையாது. ஒரு பெரிய சிலந்தி வருகிறது. அதன் கால்கள் மட்டும் மரத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாக நீளுகிற அந்தக் கணம், குழந்தைப் பருவத்தில் இருட்டு என்றால் என்னவாக இருந்தது என்பதை எனக்குத் திருப்பித் தந்தது. அந்த பயத்துக்கு வார்த்தை கிடைத்த பிறகு நாம் இழந்துவிட்ட ஒன்று அது.

குறை இருக்கிறது. பிற்பாதியில் காடு மறைந்து பல்சக்கரங்களும் புவியீர்ப்பைப் புரட்டும் யந்திரங்களும் வந்ததும் பயம் கசிந்து வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவது கெட்டிக்காரப் புதிர்கள். பையன் எதற்குப் போகிறான் என்பதை நாமும் மறந்துவிடுகிறோம், செய்தவர்களும் மறந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. ஆக, 'லிம்போ'வின் சங்கடம் அது சின்னதாக இருக்கிறது என்பதில் இல்லை. தன் அனுபவத்தின் அளவைத் தாண்டி அது நீண்டுவிட்டது. இரண்டு மணி நேரத்தில் முடிந்திருந்தால் இன்னும் தீவிரமாக இருந்திருக்கும். அப்போது நம் மதிப்புரையாளர்கள் மணிக்கு ஏழரை டாலர் என்று கணக்கெழுதியிருப்பார்கள்.

2

'சிறு' என்று கேட்டவுடன் நமக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது. முன்னூறு பிரதி அச்சடித்து, தபால் செலவைக் கைக்காசில் போட்டுப் பழகிய நமக்கு அது இயல்புதான். வீடியோ விளையாட்டுகளைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும், 'அதிலும் ஒரு சிறுபத்திரிகை இயக்கம் இருக்கிறதென்று சொல்லுங்கள்' என்றார் ஒரு நண்பர். சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேட் என்ற டௌன்லோட் கடையில் தொடக்கத்தில் ஒரு விளையாட்டு 50 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று விதி இருந்தது. காரணம் அழகியல் கொள்கை ஒன்றும் இல்லை. ஹார்ட் டிஸ்க் இல்லாமல் யந்திரத்தை வாங்கியவர்களிடம் இருந்த மெமரி யூனிட் 64 மெகாபைட் கொள்ளளவு கொண்டது. அதற்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான். பின்னால் வரம்பைப் படிப்படியாக உயர்த்தினார்கள். ஆக, இந்தச் சிறுமையை முதலில் நிர்ணயித்தது மைக்ரோஸாஃப்டின் சரக்கு நிர்வாகம். சிறுபத்திரிகைக்காரன் கடைக்கு வெளியே நிற்கிறான். இவர்கள் கடைக்குள், பெரிய கடையின் ஒரு தட்டில் நின்றார்கள். அந்தத் தட்டுக்கு வாடகை இருந்தது. 2012-ல் 'ஃபெஸ்' என்ற விளையாட்டில் பிழைகளைத் திருத்தி வெளியிட்ட இணைப்பே சிலருடைய சேமிப்பைக் கெடுத்தது. அதை மறுபடி திருத்திச் சான்று பெறக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய கட்டணம் தங்களால் தாங்க முடியாதது என்று சொல்லி, செய்தவர்கள் அதை அப்படியே விட்டார்கள். தன் கவிதையில் அச்சுப் பிழையைத் திருத்தக் காகிதக் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்த கவிஞன் யாராவது நம்மில் உண்டா?

இன்னொன்று. அதே மைக்ரோஸாஃப்ட் 2008-ல், யார் வேண்டுமானாலும் வருஷத்துக்கு நூறு டாலர் போலக் கட்டித் தன் விளையாட்டை விற்கலாம் என்று வேறொரு வாசலைத் திறந்தது. சக உறுப்பினர்களே பார்த்து அனுமதிப்பார்கள். குணத்தைப் பார்ப்பதில்லை, ஓடுகிறதா, விதிக்குப் புறம்பானது ஏதும் உண்டா என்பதை மட்டும் பார்ப்பார்கள். ஜனநாயகம்தான். அந்த வாசல் வழியே வந்து நன்றாக விலைபோனவற்றில், கையிலிருக்கும் கருவியை அதிரவைத்து முதுகு பிடித்துவிடும் புரோகிராம்களும் இருந்தன. தனி மனிதன் செய்தான், குறைந்த செலவில் செய்தான் என்பதெல்லாம் ஜாதகக் குறிப்புகள். படைப்புக்கு அவை சாட்சி சொல்லாது.

பெரியவர்கள் சிறியவர்களின் வேஷத்தைப் போட்டுக்கொள்வதும் உண்டு. 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-ல் 'பி.டி.' என்று ஒரு இலவச டௌன்லோட் வந்தது. பேர் தெரியாத ஏதோ ஒரு சிறு ஸ்டுடியோ செய்ததாகப் போட்டிருந்தது. ஒரே ஒரு தாழ்வாரம், அதன் முடிவில் ஒரு கதவு, கதவைத் திறந்தால் அதே தாழ்வாரம். முடிவு வரை போனவர்களுக்குத்தான் தெரிந்தது, அது கொனாமி கம்பெனிக்காக ஹிடியோ கோஜிமா செய்த விளம்பர முன்னோட்டம் என்று. இதில் வேடிக்கை, அந்த விளம்பரம் பல 'சுதந்திர' விளையாட்டுகளைவிடத் தீவிரமானது என்பது. நம் ஒட்டுதலை நம்பி விமர்சனம் எழுத முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

3

அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010 ஏப்ரலில் எழுதிய ஒரு கட்டுரையில், வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலையாக முடியாது என்று சொன்னார். தட்கேம்கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெல்லி ஸாண்டியாகோ ஆற்றிய ஒரு உரைக்குப் பதிலாக அதை எழுதினார். உரையில் உதாரணமாக வந்தவற்றில் ஒன்று ஜோனதன் ப்ளோ செய்து 2008 ஆகஸ்டில் வெளிவந்த 'ப்ரெய்ட்'. அதில் காலத்தைப் பின்னுக்கு ஓட்டலாம்; செத்தால் சாவுக்கு முந்தைய கணத்துக்குப் போகலாம். ஈபர்ட் கேட்டார்: சதுரங்கத்தில் நகர்த்திய காயைத் திரும்ப எடுத்துக்கொண்டால் ஆட்டத்தின் ஒழுங்கே போய்விடாதா?

ஈபர்ட் 'ப்ரெய்ட்' ஆடியவரில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அவரைத் திட்டி எழுதியபின், அதே வருஷம் ஜூலையில், தெரியாத ஒன்றைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை பெரிது. என் வருத்தம் வேறு: திட்டியவர்களில் அநேகர் அவருடைய கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 'இதுவும் கலைதான்' என்று அந்தஸ்துச் சான்றிதழ் கேட்டு வரிசையில் நின்றார்கள். காயைத் திரும்ப எடுப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு விடை 'ப்ரெய்ட்'டின் உள்ளேயே இருக்கிறது.

டிம் என்பவன் ஒரு இளவரசியைத் தேடிப் போகிறான். ஏதோ தப்பு செய்துவிட்டான், அவள் போய்விட்டாள். முதலில் வரும் உலகத்துக்கு எண் 2. அங்கே எந்தத் தவறையும் பின்னுக்கு ஓட்டித் திருத்திக்கொள்ளலாம். மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதே அந்த உலகத்தின் கேள்வி. அடுத்த உலகத்தில் பச்சையாக ஒளிரும் சில பொருள்கள் நம்மோடு பின்னுக்கு வருவதில்லை. நாம் திருத்தினாலும் அவை திருந்துவதில்லை. அதற்கடுத்ததில் நாம் வலப்பக்கம் நடந்தால் காலம் முன்னே ஓடுகிறது, இடப்பக்கம் நடந்தால் பின்னே ஓடுகிறது, நின்றால் நின்றுவிடுகிறது. இப்படி ஒவ்வொன்றிலும் காலத்துக்கு ஒரு விதி. கடைசியில் வருவது 1 என்று எண்ணிட்ட உலகம். ஒரு முரட்டு வீரனிடமிருந்து இளவரசி ஓடிவருகிறாள்; மேலே அவளும் கீழே டிம்மும் இணையாக ஓடுகிறார்கள்; அவள் நமக்காக வழிகளைத் திறந்துவிடுகிறாள். அவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் மேற்கொண்டு ஒன்றும் நடப்பதில்லை. இத்தனை நேரமாகக் கையில் பழகிய பொத்தானை அழுத்திப் பின்னுக்கு ஓட்டுகிறோம். அப்போதுதான் நாம் பார்த்தது தலைகீழ் என்று தெரிகிறது. அவள் ஓடியது நம்மிடமிருந்து. திறந்துவிட்டதாக நினைத்ததெல்லாம் அவள் நம்மைத் தடுக்க வைத்த தடைகள். அந்த வீரன் அவளைக் காப்பாற்றித் தூக்கிக்கொண்டு போகிறான்.

ஈபர்ட்டுக்கு இதுதான் பதில். ஐந்து மணி நேரமாகக் காயைத் திரும்ப எடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை எடுத்தபோது, எடுத்த கை யாருடையது என்று காட்டுகிறது. இதை நாவலில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாவலில் பொத்தானை அழுத்தியவன் நானாக இருந்திருக்க மாட்டேன்.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உலகத்தின் வாசலிலும் சில புத்தகங்கள் திறந்து கிடக்கின்றன. அவற்றில் உள்ள உரைநடை கல்லூரி ஆண்டு மலர் தரத்தில் கனிந்து வழிகிறது. இறுதியில் அணுகுண்டைப் பற்றிய சூசகங்கள் வேறு. தன் கைகள் சொன்னதை வாய் சொல்லவில்லையோ என்ற ப்ளோவின் பதற்றம்தான் அதில் தெரிகிறது. வடிவம் வென்ற இடத்தில் எழுத்து தோற்றிருக்கிறது. இந்த எளிய விஷயத்தைச் சொன்ன மதிப்புரைகளை நான் படித்தவற்றில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடும் மெடாகிரிட்டிக்கில் 'ப்ரெய்ட்'டுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 93. 2012-ல் வந்த 'இண்டி கேம்: தி மூவி' என்ற ஆவணப்படத்தில், இவ்வளவு புகழுக்குப் பிறகும் தான் சொன்னது பலருக்குப் போய்ச் சேரவில்லை என்பதில் ப்ளோவுக்கு ஏற்பட்ட சோர்வைப் பார்க்கலாம். 93 வாங்கியும் வாசிக்கப்படாதவன் முகம் அது.

4

'ஜர்னி' 2012 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. செய்தது மேலே சொன்ன தட்கேம்கம்பெனி. இயக்கியவர் ஜெனோவா சென். என்னிடம் அந்த யந்திரம் கிடையாது. மைத்துனன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஆடினேன். இரண்டு மணி நேர ஆட்டம். மணல்வெளி, தூரத்தில் ஒளி வடியும் ஒரு மலை, சிவப்பு அங்கி போர்த்திய ஒரு உருவம். மலையை நோக்கிப் போக வேண்டும்.

இந்த மலையையும் ஒளியையும் நான் நம்பவில்லை. காலண்டரில் வரும் ஆன்மீகம் இது. எந்த மதத்துக்கும் உரியதில்லை என்பதால் எந்த நம்பிக்கையின் விலையையும் கொடுக்க வேண்டியதில்லை, பார்த்துப் பரவசப்படலாம். ஆஸ்டின் வின்டரியின் இசை அந்தப் பரவசத்தை இன்னும் சௌகரியமாக்குகிறது.

ஆனால் பாதி வழியில் இன்னொரு சிவப்பு உருவம் வந்தது. அது யந்திரம் ஓட்டும் பொம்மை இல்லை. உலகத்தில் எங்கேயோ அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதன் அல்லது மனுஷி. பெயர் காட்டப்படாது. பேச முடியாது, எழுத முடியாது. ஒரு பொத்தானை அழுத்தினால் சின்னதாக ஒரு கூவல் வரும், அவ்வளவுதான். தாக்க முடியாது, பறிக்க முடியாது. ஒருவரையொருவர் நெருங்கித் தொட்டால் இருவருடைய கழுத்துத் துணியிலும் ஒளி ஏறி மறுபடி பறக்க முடிகிறது. மற்ற விளையாட்டுகளில் அந்நியன் என்றால் சுட வேண்டியவன் அல்லது வசை பாடுகிறவன். இங்கே அவனிடம் கெட்டவனாக இருப்பதற்கான கருவிகளை எடுத்துவிட்டார்கள். இது அறமா, நிர்ப்பந்தமா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். கெட்டது செய்ய வழியில்லாத இடத்தில் நல்லது செய்வதற்கு என்ன மதிப்பு? என்னிடம் முழு பதில் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: காத்திருக்காமல் போகும் வழி அங்கேயும் திறந்துதான் இருந்தது. நான் மணற்சரிவில் பின்தங்கியபோது அந்த உருவம் திரும்பி வந்து நின்றது.

பிற்பகுதியில் பனி. காற்று பின்னுக்குத் தள்ளுகிறது. கழுத்துத் துணி சிறுத்துக்கொண்டே போகிறது. இருவரும் ஒட்டி ஒட்டி நடந்தால்தான் கொஞ்சம் கதகதப்பு. அங்கே வைத்து எங்கள் தெருவில் கரண்ட் போயிற்று. மைத்துனன், 'அத்தான், சேவ் ஆகியிருக்கும், கவலைப்படாதீங்க' என்றான். சேவ் ஆனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பனிக்கு நடுவில் அந்த மனிதனை விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று சொல்ல என்னிடம் கூவல்கூட இல்லை. உடன் வந்தவர்களுடைய பெயர்கள் ஆட்டத்தின் இறுதியில்தான் பட்டியலாக வரும் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெயரை நான் பார்க்கவில்லை. இருட்டில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரத்தை 'ஜர்னி'யின் பகுதியாகவே நினைக்கிறேன். மெடாகிரிட்டிக் 92 என்கிறது. நான் எந்த எண்ணைப் போடுவது?

5

இனி எழுத எனக்குச் சங்கடமான விளையாட்டு. 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' 2013 ஆகஸ்டில் கணிப்பொறிக்கு வந்தது. பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கைக்கருவிக்கு 2017-ல் வந்தது. பெரிய ஸ்டுடியோவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த லூகஸ் போப் என்பவர் அநேகமாகத் தனி ஆளாகச் செய்தது. நான் ஆடியது கணிப்பொறியில்.

1982 நவம்பர் 23. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு ஆறு வருஷச் சண்டைக்குப் பிறகு எல்லையைத் திறக்கிறது. வேலைக் குலுக்கலில் நமக்கு எல்லைச் சோதனைச் சாவடியில் குமாஸ்தா வேலை விழுந்திருக்கிறது. ஒரு கவுண்டர். ஒவ்வொருவராக வருகிறார்கள், பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்கள். தேதி சரியா, முத்திரை சரியா, ஊர்ப் பெயர் சரியா, முகம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். தலைக்கு 5 காசு. ஒரு நாளில் இரண்டு தவறு வரை எச்சரிக்கை; அதற்குமேல் அபராதம். தவறு செய்த மறுகணம் ஒரு சின்ன யந்திரம் கரகரவென்று சீட்டைக் கக்குகிறது. சாயங்காலம் கணக்கு: வாடகை, சாப்பாடு, சூடு, மருந்து. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. தினமும் புது விதி ஒன்று சேர்கிறது; இன்னொரு காகிதம், இன்னொரு முத்திரை.

ஐந்தாம் நாள் ஒருவன் வருகிறான். காகிதங்கள் எல்லாம் சரி. பின்னால் என் மனைவி வருகிறாள், தயவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. அவளை விடலாம், யந்திரம் ஒரு சீட்டைக் கக்கும். விடாமலும் இருக்கலாம். இதற்காக இசை பெருகுவதில்லை. வரிசையில் அடுத்தவன் நிற்கிறான்.

எல்லா மதிப்புரைகளும் இந்தத் தம்பதியைப் பற்றிப் பேசின. சர்வாதிகாரம், அதிகார வர்க்கம் என்று பெரிய பெரிய வார்த்தைகள் வந்தன. எனக்குப் பட்டது வேறு. அந்த ஆட்டம் சுவாரஸ்யமாக இருந்தது. அதுதான் அதன் பயங்கரம். ஒரு பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம். செக்கில் கையெழுத்துச் சுழி மாறியிருப்பதைப் பிடிக்கும்போது வருவது. கொஞ்ச நேரத்தில் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். முகமும் காகிதத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டிய இன்னொரு விவரமாகிவிட்டது. கையால் வரைந்த பாஸ்போர்ட்டோடு, இல்லாத ஒரு நாட்டிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு சிரித்தபடி நிற்கும் கிழவன் யோர்ஜியை மட்டும்தான் ஆளாகப் பார்த்தேன், அவனும் சிரிக்கவைத்ததால்.

ஒரு நவம்பர் மாதம். ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று தரவேண்டிய மாதம். இப்போதெல்லாம் கட்டைவிரலை ஒரு சின்னப் பெட்டியில் வைத்தால் போதும். ஒரு பாட்டியின் ரேகையை அந்தப் பெட்டி ஏற்கவில்லை. உழைத்துத் தேய்ந்த விரல். ஈரத் துணியால் துடைத்து, மறுபடி வைத்து, இன்னொரு விரலை வைத்து, ஒன்றும் நடக்கவில்லை. மணி மூன்றே முக்கால். பின்னால் வரிசை.

'தம்பி, உன் எதிர்க்கத்தானே உசிரோட நிக்கிறேன்?'

'மெஷின் ஒத்துக்கணும் பாட்டி. நாளைக்கு வாங்க.'

காகிதப் படிவம் ஒன்று உண்டு. ஆபீஸர் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது, ஐந்து நிமிஷ வேலை. அது மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. எனக்குத் தெரியும். யாரும் என்னைத் தடுக்கவில்லை. எந்தச் சர்வாதிகாரியும் என் பின்னால் நிற்கவில்லை. என் சம்பளத்தில் 5 காசு குறையப்போவதும் இல்லை. நான் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்துப் பேரனோடு வந்தாள், படிவம் பூர்த்தியாயிற்று. அவளுக்கு என்மேல் கோபம்கூட இல்லை.

இதைச் சொல்லிப் புண்ணியம் தேடிக்கொள்வதற்காக எழுதவில்லை. 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆடியதால் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்; நான் அதை ஆடி முடித்தது இந்தச் சம்பவத்துக்கு முந்தைய வருஷம். கலை மனிதனை மேம்படுத்துகிறது என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அது செய்தது இவ்வளவுதான்: பாட்டி படியிறங்கிப் போனபோது, அந்த யந்திரம் கக்கும் சீட்டின் சத்தம் எனக்குக் கேட்டது. விதியை மீறினால் சீட்டு வரும். விதிப்படி நடந்தால் ஒன்றும் வராது. அந்த 'ஒன்றும் வராதது' எவ்வளவு பெரிய தண்டனை விலக்கு என்பதைப் போப் கண்டுபிடித்து, அதை வசனத்தில் வைக்காமல் கவுண்டரின் அமைப்பில் வைத்திருக்கிறார்.

இதிலும் தோல்வி உண்டு. நடுவே ஒரு ரகசிய இயக்கம் வருகிறது. சங்கேதம், விஷப்பொடி, கவிழ்ப்பு என்று துப்பறியும் கதையாகிறது. முடிவுகள் மொத்தம் இருபது, எண் போட்டு. புரட்சி ஒரு முடிவு, தப்பியோடுவது ஒரு முடிவு. நிஜமான குமாஸ்தாவுக்கு இருபது முடிவு கிடையாது. ஓய்வுபெறுவது ஒன்றுதான்.

6

எண் போடுகிறவர்களைப் பற்றித் தொடங்கினேன். அவர்கள் மேல் எனக்குத் துவேஷம் இல்லை. காசு கொடுத்து வாங்குபவனுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும்தான். ஆனால் வழிகாட்டிக்கு ஒரு ஆயுள் உண்டு: கடை திறந்திருக்கும் வரை.

கடைகள் மூடிவிட்டன. சொந்தமாகச் செய்தவர்களுக்காக 2008-ல் திறந்த அந்த எக்ஸ்பாக்ஸ் வாசல் 2017-ல் அடைபட்டது. நின்டெண்டோ வீயின் கடை 2019 ஜனவரியில் மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360-ன் கடை 2024 ஜூலை 29-ல் மூடியது. 'பி.டி.'யைக் கொனாமி 2015-ல் எடுத்துவிட்டது; ஏற்கெனவே டௌன்லோட் செய்தவர்கள்கூட அழித்துவிட்டால் மறுபடி பெற முடியாது. அது பதிந்திருக்கும் பழைய யந்திரங்களை அதிக விலைக்கு விற்றார்கள். 'ப்ரெய்ட்', 'லிம்போ', 'ஜர்னி' போன்றவை வேறு யந்திரங்களுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டன. பிழைக்காதவை எத்தனையோ. வட்டு கிடையாது, பெட்டி கிடையாது, பழைய புத்தகக் கடையில் தேட வழியில்லை. நம்முடைய பழைய இதழ் ஒன்று யாருடைய பரணிலாவது கரையானோடு இருக்கும்; இவற்றுக்குக் கரையான்கூட இல்லை.

அப்படிப்பட்ட ஒரு விளையாட்டைப் பற்றி மிஞ்சப்போவது அன்றைக்கு யாரோ எழுதின நாலு பாரா. அந்த நாலு பாராவில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். படங்கள் 8, ஒலி 9, ஆயுள் 6, மொத்தம் பத்துக்கு ஏழரை, விலைக்கு ஏற்ற சரக்கு. விலையும் போய்விட்டது, சரக்கும் போய்விட்டது. ஆடியவனுடைய கைக்கு என்ன நேர்ந்தது, எந்த இடத்தில் நின்றான், எங்கே பயந்தான், எங்கே அலுத்தான், ஒரு வரி இல்லை. ஒருவன் இறந்தபின் அவனைப் பற்றிக் கேட்டால், எடை அறுபத்திரண்டு கிலோ என்று சொல்வதுபோல.

விமர்சகன் தீர்ப்புச் சொல்பவன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கிலீஷ் பி.ஏ. படிப்பு கொடுத்த மமதை அது. இந்தச் சிறு விளையாட்டுகளிடம் வந்தபின், அவன் முதலில் சாட்சி, தீர்ப்பு அப்புறம்தான் என்று தோன்றுகிறது. சாட்சி சொல்வதற்கு அங்கே இருந்திருக்க வேண்டும், ஈபர்ட் இருக்கவில்லை. இருந்தால் மட்டும் போதாது, பார்த்ததைச் சொல்லவும் வேண்டும். எண் போட்டவர்கள் சொல்லவில்லை.

என் எக்ஸ்பாக்ஸ் 360, சக ஊழியர் ஒருவரின் மகனிடம் இரண்டாம் கையாக வாங்கியது. இன்னும் ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் பதினான்கு விளையாட்டுகள் இருக்கின்றன. இப்போது சத்தம் அதிகமாகிவிட்டது. எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக மறுபடி ஆடி எழுதி வைக்கலாம் என்றிருக்கிறேன்.